எஸ்இசி என்ற அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து லீக்கின் பயிற்சியாளர்களைக் கோப்பைகளை மட்டும் எண்ணி வரிசைப்படுத்தலாமா?

முதலிடத்துக்கு அந்தக் கணக்கே போதும். அலபாமா பல்கலைக்கழக அணியில் மட்டும் 6 தேசியப் பட்டங்கள் வென்ற நிக் சேபன் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றுவிட்டார். எனவே 2021, 2022 பருவங்களில் அடுத்தடுத்துப் பட்டம் வென்ற ஜார்ஜியாவின் கிர்பி ஸ்மார்ட்தான் என் பட்டியலில் முதல் ஆள்.

சிக்கல் அதற்குக் கீழேதான். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஆள்சேர்ப்பு பாதி ஆட்டம். பள்ளி அளவில் மின்னும் வீரர்களைப் பெரிய அணிகள் அள்ளிக்கொண்டு போய்விடும். படிப்புத் தகுதியில் கறாரான வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அவர்களை வைத்துக்கொண்டே அதன் பயிற்சியாளர் கிளார்க் லீ 2024 அக்டோபரில், அப்போது தேசியத் தரவரிசையில் நம்பர் ஒன்னாக இருந்த அலபாமாவை 40–35 என்று வீழ்த்தினார். எப்படி? 60 நிமிட ஆட்டத்தில் 42 நிமிடம் பந்து அவர் அணியிடமே இருந்தது. எதிரணியின் அதிவேக வீரர்கள் ஓரமாக நின்று வேடிக்கைதான் பார்த்தார்கள். அசல் பயிற்சித் திறமை அதுதான்! கையில் இருந்த ஆட்களை வைத்து என்ன சாதித்தார் என்பதற்கே பாதி மதிப்பெண் கொடுங்கள்.