இன்றிரவு ரோந்து எந்தப் பக்கம்?

கேள்வி: வடக்கு குவாசூலு-நட்டாலில் ஒரு தனியார் விலங்குக் காப்பகத்தில் வேலை செய்கிறேன். இரவு ரோந்துக்கு ஒரே குழுதான். குளம், சாலையோர வேலி, உள்காடு என்று மூன்று பகுதிகள். காண்டாமிருகங்களைக் காக்க இரவுகளை எப்படிப் பிரிப்பது? (சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: உங்கள் கவலை நியாயமானது. 2023இல் தென்னாப்பிரிக்கா இழந்த 499 காண்டாமிருகங்களில் 325 உங்கள் மாகாணத்தில்தான் கொல்லப்பட்டன.

வேட்டைக்காரர்களும் உங்களைக் கவனிக்கிறார்கள் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். ஒவ்வொரு பகுதியிலும் அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய லாபத்துக்கு மதிப்பெண் போடுங்கள். குளத்துக்கு 6, வேலிக்கு 3, உள்காட்டுக்கு 1 என்று வைத்துக்கொள்வோம். பலரும் இதே விகிதத்தில், அதாவது 60, 30, 10 சதவீதமாக இரவுகளைப் பிரித்துவிடுவார்கள். அப்போது குளத்தில் காவல் இல்லாத வாய்ப்பு 40 சதவீதம். 6இல் 40 சதவீதம் 2.4. வேட்டைக்காரர் எதிர்பார்க்கக்கூடிய லாபம் அதுதான். குளத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, வேலிக்கு ஒரு பங்கு கொடுத்துப் பாருங்கள். இரண்டிலும் லாபம் 2 ஆகிவிடும், உள்காட்டில் 1தான். எங்கே போனாலும் 2க்கு மேல் கிடைக்காது. ஒரு குழுவை வைத்து இதைவிடக் குறைக்க முடியாது.

அதற்காக முதல் இருபது இரவு குளம், அடுத்த பத்து வேலி என்று அட்டவணை போட்டுவிடாதீர்கள். தினமும் மாலை கிளம்பும் நேரத்தில் பகடை உருட்டுங்கள்: 1 முதல் 4 வரை விழுந்தால் குளம், 5 அல்லது 6 என்றால் வேலி. அதுவரை யாருக்குமே தெரியாத திட்டத்தை உள்ளிருந்து யாரும் விற்க முடியாது. என்னைக் கேட்டால், இந்த முறையின் பெரிய பலமே இதுதான். கணினி அறிவியலாளர் மிலிந்த் தாம்பேயின் குழு 2014இல் உகாண்டாவின் குயின் எலிசபெத் பூங்காவில் சோதித்துப் பார்த்த ரோந்துத் திட்ட மென்பொருளுக்கும் இதே ஆட்டக் கோட்பாடுதான், அதாவது எதிராளி என்ன செய்வார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடும் கணிதம்தான் அடிப்படை.

அப்புறம், பதிவேடு. ரோந்து போகாத இடத்தில் வெட்டிய வேலியும் காலடித் தடமும் கண்ணில் படாது. அதை வைத்து அங்கே ஆபத்து இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. மாதம் மூன்று இரவையாவது உள்காட்டுக்கு ஒதுக்குங்கள், அந்த மூன்றையும் குலுக்கலிலேயே தேர்ந்தெடுங்கள். மற்ற இரவுகளுக்குப் பகடை. தடயங்களை மொத்தமாக எண்ணாமல், நடந்த கிலோமீட்டருக்கு எத்தனை என்று எழுதுங்கள்.

மதிப்பெண்ணும் நிலையானதல்ல. மழைக்குப் பிறகு விலங்குகள் வேலிப் பக்கம் மேயத் தொடங்கினால் அதற்கும் 6 போடுங்கள். பங்கு பாதிக்குப் பாதி ஆகிவிடும். முழுநிலவு நாட்களில் வெளிச்சம் வேட்டைக்காரர்களுக்கு உதவும், அந்த வாரம் பக்கத்துக் காப்பகத்திடம் இரண்டாவது குழு கேட்டுப் பாருங்கள்.