நகரும் சுவர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மும்பை செம்பூரில், எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடம் 24 அடி அகலமும் 9 அடி உயரமும் உடையது. ஞாயிறுதோறும் அதில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பும் பரதநாட்டிய வகுப்பும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பொங்கல் விழாவுக்கு முழுக்கூடமும் தேவைப்படுகிறது. மடிப்புத் தடுப்பே போதும் என்கிறார் ஓர் ஒப்பந்தக்காரர். மேலிருந்து தொங்கும் நகரும் சுவர் 45 டெசிபல் ஒலியைத் தடுக்கும் என்று எழுதியே தருகிறார் இன்னொருவர். யாரை நம்புவது?
— ஒரு வாசகர், செம்பூர்

பதில்: ஆர்மோனியத் துருத்தி போல மடியும் மெல்லிய தடுப்பு பார்வையை மறைக்குமே தவிர ஒலியைத் தடுக்காது. ஒலியைத் தடுப்பதற்கு எடை வேண்டும், இடைவெளி இல்லாமை வேண்டும். இரண்டும் அதில் இல்லை. ஆகவே உங்கள் தேவைக்கு இரண்டாமவர் சொல்வதே பொருத்தம். ஆனால் அந்தச் சுவரில் வரும் பலகைகளின் தரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், அதைத் தாங்கப்போகும் பீமைப் பற்றி நீங்கள் அவரிடம் கேட்டாக வேண்டும்.

இத்தகைய ஒலித்தடுப்புப் பலகைகள் சதுர மீட்டருக்கு 40 கிலோ அளவில் எடை கொண்டவை. உங்கள் திறப்பின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர மீட்டர். எனில் மொத்தம் 800 கிலோ. சுவர் மூடியிருக்கும்போது இந்த எடை 24 அடி நீளத்துக்கும் பரவிக் கிடக்கும். பொங்கலன்று சுவரைத் திறந்து, நான்கடி அகலப் பலகைகள் ஆறையும் ஓரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தும்போதோ, அதே 800 கிலோவும் இரண்டடி நீளத்துக்குள் வந்து தொங்கும். பலர் கணக்கில் விட்டுவிடுவது இந்த நிலையைத்தான். கூடம் காலியாகத் தெரிகிற அன்றுதான் பீமின் அந்த மூலைக்கு உச்சச் சுமை. பீம் சில மில்லிமீட்டர் தொய்ந்தாலே, பலகைகள் தொங்கி நகரும் தண்டவாளமான டிராக் வளைந்து, ரோலர் இறுகி, பலகை தரையில் உரசத் தொடங்கிவிடும்.

மும்பையின் கடற்காற்றில் பழைய கட்டடங்களின் கம்பிகள் துருப்பிடித்துக் காங்கிரீட் உதிர்வதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். உங்கள் கட்டடம் 30 ஆண்டுகளைக் கடந்ததாயின், அதன் உறுதியைச் சோதித்த ஸ்ட்ரக்சுரல் ஆடிட் அறிக்கையை முதலில் எடுத்துப் படியுங்கள். அந்தப் பீமில் துளையிடலாமா, தனியாக இரும்புச் சட்டம் நிறுத்தி அதில் டிராக்கைத் தொங்கவிட வேண்டுமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் எழுத்தில் சொல்லட்டும். அதற்கு ஆகும் கட்டணத்தை வீண்செலவென்று எண்ணாதீர்கள்.

அடுத்து, அந்த 45 டெசிபல். அது ஆய்வுக்கூடத்தில், எல்லா விளிம்பும் இறுக அடைக்கப்பட்ட நிலையில் அளந்த எண். உங்கள் கூடத்தில் பலகைகளின் அடியில் 24 அடி நீளத்துக்கு வெறும் 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப்போனால், கணக்குப்படி அந்த 45 டெசிபல் தடுப்பு 27 டெசிபலுக்கு இறங்கிவிடும். பக்கத்தில் பேசுவது சொல் சொல்லாகக் கேட்கும். இதைத் தவிர்க்கவே ஒவ்வொரு பலகையின் விளிம்பிலும் சிறிய துளை ஒன்று உண்டு. அதில் கைப்பிடியைச் செருகித் திருகினால் பலகைக்குள் மறைந்திருக்கும் ரப்பர் பட்டைகள் மேலும் கீழும் வெளிவந்து டிராக்கையும் தரையையும் அழுத்திப் பிடிக்கும். தரை மேடுபள்ளமாக இருந்தால் அவை எல்லா இடத்திலும் எட்டா. கொத்தனார் ஒருவரை அழைத்து, நீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் வைத்து, சுவர் வரப்போகும் கோடு முழுவதும் தரைமட்டத்தைப் பார்த்துக்கொண்ட பிறகே ஆர்டர் கொடுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகமாக ஏமாற்றுவது கூரைக்குக் கீழே தொங்கவிடும் ஃபால்ஸ் சீலிங்தான். அந்தேரியில் ஓர் அலுவலகத்தில், விலையுயர்ந்த நகரும் சுவரை அமைத்த பிறகும் ஓர் அறையில் நடந்த நேர்காணல் அடுத்த அறையில் தெளிவாகக் கேட்கிறது என்று என்னை அழைத்தார்கள். ஏணியில் ஏறிச் சீலிங் ஓடு ஒன்றை விலக்கி டார்ச் அடித்தேன். ஒளி தடையின்றி அடுத்த அறையின் மேற்பகுதிவரை போயிற்று. சுவர் சீலிங்கோடு நின்றுவிட்டது; அதற்கு மேல் காங்கிரீட் கூரையான ஸ்லாப்வரை இரண்டடி வெட்டவெளி. அந்த இடத்தை இருபுறமும் ஜிப்சம் பலகையும் நடுவில் ராக்வுல் என்னும் பாறையிழைப் பஞ்சும் வைத்து அடைத்த பிறகே குறை தீர்ந்தது. உங்கள் கூடத்திலும் டிராக்கிற்கு மேலே ஸ்லாப்வரை அடைக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஏசி குழாய் இரு பக்கத்துக்கும் பொதுவாகப் போகிறதென்றால் அதையும் குறிப்பிடுங்கள். வேலை முடிந்ததும் ஒரு பக்கம் விளக்கணைத்து நின்று மறுபக்கம் விளக்கேற்றச் சொல்லுங்கள். ஒளிக்கீற்று தெரியும் இடமெல்லாம் ஒலி நுழையும் இடம். பாக்கித் தொகையை அதன் பிறகு கொடுங்கள்.

ஒன்றை மட்டும் எந்த நகரும் சுவரும் செய்யாது. நடன ஆசிரியர் தாளம் தட்டும் தட்டுக்கழியின் அடியும் பிள்ளைகள் தட்டடவு ஆடும் அதிர்வும் காற்று வழியாக மட்டும் போவதில்லை. இரு பக்கத்துக்கும் பொதுவான தரை வழியாகவே போய்விடும். தமிழ் வகுப்பை நடன வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வைத்துக்கொள்வதே என் யோசனை. அதற்கு மனம் ஒப்பினால், 45 டெசிபல் சுவரின் செலவே உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம்.

கேள்வி: நகரும் சுவர் புதிய கண்டுபிடிப்பா?
— ஒரு வாசகி, முலுண்டு

பதில்: இல்லை. ஜப்பானிய வீடுகளில் ஃபுசுமா எனப்படும் தாள் ஒட்டிய மரச்சட்டங்கள் பள்ளம் செதுக்கிய சட்டங்களுக்கிடையே நகர்ந்து, பெரிய அறையைச் சிறிய அறைகளாக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகள் பழையது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1924ஆம் ஆண்டு கட்டடக் கலைஞர் ரீட்வெல்ட் கட்டிய ஷ்ரோடர் இல்லத்தில், மாடி முழுவதையும் பகலில் ஒரே கூடமாகவும் இரவில் படுக்கையறைகளாகவும் மாற்ற நகரும் தடுப்புகள் உண்டு.

கேள்வி: எங்களுடையது ஒரு படுக்கையறை வீடு. ஹாலில் மாமியார் படுக்கிறார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் அங்கேயே இரவு பதினொன்றுவரை விளக்கெரிய விட்டுப் படிக்கிறாள். குறைந்த செலவில் தடுக்க வழி உண்டா?
— ஒரு வாசகி, தானே

பதில்: உங்கள் சிக்கல் பெரும்பாலும் வெளிச்சம்தான் என்பதால் கனமான சுவர் வேண்டியதில்லை. மேலே டிராக்கில் தொங்கும் இரண்டு அல்லது மூன்று மரப்பலகைகள் போதும். தரையில் டிராக் பதிக்கவே வேண்டாம்; இரவில் எழுந்து நடக்கும் முதியவரின் கால் அதில் தடுக்கும். பலகை ஆடாமலிருக்க ஓரத்தில் ஒரு சிறிய வழிகாட்டிக் குமிழ் வைத்தால் சரி. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையை மலிவென்று வாங்கிவிடாதீர்கள். அதன் வெட்டு விளிம்பில் மழைக்கால ஈரம் இறங்கினால் உப்பிவிடும். ஈரத்தைத் தாங்கும் மரைன் வகைக்கான ஐஎஸ் 710 முத்திரையுள்ள பிளைவுட் வாங்கி, விளிம்புகளையும் மூடச் சொல்லுங்கள்.

ஜன்னல் எந்தப் பக்கம் வரும் என்பதை யோசித்துத் தடுப்பின் இடத்தை முடிவு செய்யுங்கள். ஒரே ஜன்னல்தான் என்றால் அதை மாமியாரின் பக்கம் விடுங்கள். டிராக்கைக் கூரையிலிருந்து ஓரடி தாழ்த்திப் பொருத்தி, பலகைக்கு மேல் அந்த ஓரடி திறந்தே இருக்கட்டும். காற்று அந்த வழியாக மகளின் பக்கத்துக்கும் போகும். அவளுடைய மேசை விளக்கைத் தாழ்வாக வைத்துவிட்டால் அந்தத் திறப்பின் வழியே வெளிச்சம் பெரிதாக வராது.