பாக்தாத் பேட்டரி: மாதிரி செய்தால் மின்சாரம் வருகிறதே, பிறகு ஏன் ஆய்வாளர்கள் ஏற்கவில்லை?

மின்சாரம் வரும், அதில் தகராறு இல்லை. இரும்பு, செம்பு, நடுவில் புளிப்பாக ஏதாவது இருந்தால் போதும், எலுமிச்சம்பழத்திலேயே வரும். 1936-ல் பாக்தாத் அருகே குஜூத் ரபுவில் கிடைத்த, பழங்கால மின்கலம் என்று சிலர் சொல்லும் அந்த மண்ஜாடியில் வந்திருக்குமா என்பதுதான் கேள்வி.

ஜாடி சுமார் 14 செ.மீ. உயரம். அதற்குள் செப்புத் தகட்டைச் சுருட்டிய உருளை: நீளம் 10 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, விட்டம் 2.6 செ.மீ. உருளைக்குள் ஓர் இரும்புக் கம்பி, மேலே தார் அடைப்பு. இது மின்கலம், முலாம் பூச உதவியிருக்கலாம் என்றவர் ஈராக் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வில்ஹெல்ம் கோனிக்.

செய்து பார்ப்பதானால், உருளையின் அடியை மூடி உள்ளே கொஞ்சம் தார் ஊற்றி ஆறவிடுங்கள். கம்பி செம்பைத் தொட்டால் ஷார்ட் ஆகி மீட்டர் பூஜ்யம் காட்டும். கொள்ளளவு 50 மி.லி.தான். வீட்டு வினிகர் ஊற்றினால் ஏறக்குறைய 0.5 வோல்ட் கிடைக்கும். இப்போது குறுக்கே 100 ஓம் மின்தடையை வையுங்கள். வோல்ட் சரியத் தொடங்கும். செம்பின் பரப்பில் நடக்கும் வினைக்கு வினிகரில் கரைந்த ஆக்சிஜன் வேண்டும். அது தீர்ந்தபின் ஹைட்ரஜன் வெளிப்பட்டாக வேண்டும், செம்பின்மேல் அது எளிதில் நடக்காது. வாயை அடைத்துவிட்டால் புதுக் காற்றும் நுழையாது. ஒரு சிவப்பு எல்இடி எரியவே நான்கைந்து ஜாடிகளைத் தொடராக இணைக்க வேண்டியிருக்கும்.

மாதிரி செய்கிறவர்கள் சத்தமில்லாமல் செய்யும் மாற்றம் ஒன்று உண்டு: செம்பிலிருந்து ஒரு வயரை வெளியே கொண்டுவருவார்கள். அசலில் தாருக்கு மேலே நீட்டியிருப்பது இரும்பின் நுனி மட்டும்; செப்பு உருளையின் விளிம்பைத் தார் முழுக்க மூடியிருக்கிறது. இன்னொரு முனையை எங்கே இணைப்பது? திரவத்தை மாற்றவும் அடைப்பை உருக்கி எடுத்தாக வேண்டும். இணைப்புக் கம்பி எதுவும் உடன் கிடைக்கவில்லை.

முலாம் வாதத்தில், நியாயமாகப் பார்த்தால், மின்னோட்டக் கணக்கு அத்தனை மோசமில்லை. 1 மில்லிஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் 4 மில்லிகிராம் வெள்ளி படியும். இடறுவது கரைசல். பொன்னும் வெள்ளியும் பற்றிப் படிய உதவும் சயனைடு கரைசலுக்கு இங்கிலாந்தின் எல்கிங்டன் காப்புரிமை பெற்றது 1840-ல்தான். பழைய பொற்கொல்லர்கள் தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்துப் பூசிச் சூடாக்குவார்கள்; பாதரசம் ஆவியாகிப் பொன் தங்கும். பரப்பில் மிஞ்சும் பாதரசம் சோதனையில் அகப்பட்டு, இந்த முறையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படியானால் இது என்ன? பக்கத்திலேயே செலூசியா, டெசிஃபோன் என்ற பழைய நகரங்களிலும் இதே போன்ற ஜாடிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் வெண்கல உருளைக்குள் மக்கிய நார்ச்சுருள்கள் இருந்தன. ஓலைக்குழல் மாதிரி, எதையோ சுருட்டி வைத்துப் புதைத்த கலம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

நம்மூரில் இதோடு சேர்ந்தே வலம்வரும் அகத்திய சம்ஹிதை (அகத்தியர் பெயரில் சொல்லப்படும் சமஸ்கிருத நூல்) சுலோகத்தின் கதை நேர்மாறு. மண்பாத்திரம், செப்புத்தகடு, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஈர மரத்தூள், பாதரசம் பூசிய துத்தநாகம் என்று அது சொல்லும் செய்முறை நன்றாகவே வேலை செய்யும், 1.1 வோல்ட் அளவுக்கு வரும். 1836-ல் ஆங்கில வேதியியலாளர் டேனியல் செய்த மின்கலமும் இதே செம்பு–துத்தநாக ஜோடிதான். ஆனால் அந்தச் சுலோகத்தின் காலத்தை நிறுவும் பழஞ்சுவடியையோ அப்படியொரு பாத்திரத்தையோ இதுவரை யாரும் காட்டவில்லை.