டியூனர் கார்டில் படம் இருக்கிறது, சத்தம் இல்லை

கேள்வி: லினக்ஸ் கணினியில் டிவி பார்க்க, பிடி878 சிப் உள்ள பழைய டியூனர் கார்டு போட்டிருக்கிறேன். படம் தெளிவு. பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் மாறுகின்றன. வால்யூமை எவ்வளவு ஏற்றினாலும் சத்தமே வரவில்லை. கார்டு பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. படம் வருவதால் டியூனர் வகையைத் தோண்ட வேண்டாம். டெர்மினலில் 'வி4எல்2-சிடிஎல்' (v4l2-ctl) கட்டளையால் கார்டின் கன்ட்ரோல் பட்டியலை, அதாவது பிரைட்னஸ், வால்யூம் போன்ற அமைப்புகளை, எடுங்கள். லினக்ஸ் வீடியோ சாதனங்களுக்கு வீடியோ0, வீடியோ1 என்று எண் கொடுக்கும்; வெப்கேமும் இருந்தால் வீடியோ0 அதுவாகிவிடலாம். சரியான எண்ணைக் கொடுங்கள். பட்டியலில் மியூட் 1 என்றிருந்தால் 0 ஆக்குங்கள். சில டிவி நிரல்கள் மூடும்போது மியூட் போட்டுவிட்டுப் போகும்.

பட்டியலில் வால்யூமே இல்லையா? தனி ஒலிச் சிப் இல்லாத கார்டுகளில் அப்படித்தான். அவற்றில் ஒலி, கார்டின் ஆடியோ அவுட்டிலிருந்து சிறு கேபிள் வழியாக சவுண்ட் கார்டின் லைன்-இன் என்ற ஒலி உள்ளீட்டுத் துளைக்குப் போகிறது. முதலில் அந்தக் கேபிளைப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் கழன்றிருக்கும். பிறகு டெர்மினலில் ஒலி அளவுகளை மாற்றும் ஆல்சாமிக்சர் (alsamixer) நிரலைத் திறந்து 'லைன்' பட்டைக்குப் போங்கள். அடியில் 'எம்எம்' என்றிருந்தால் 'எம்' விசையை அழுத்துங்கள், 'ஓஓ' ஆகும். மேல் அம்பு விசையால் அளவை ஏற்றுங்கள். கேபிளை லைன்-இன்னில் இல்லாமல், கணினிக்குள்ளே சவுண்ட் கார்டின் ஆக்ஸ் (இன்னொரு ஒலி உள்ளீடு) முனையில் செருகியிருந்தால் 'ஆக்ஸ்' பட்டையைத் திறக்க வேண்டும்.