ஆயிரம் பேர் ஒன்றாக வந்தால் டேபிள் தாங்குமா? கேள்வி பதில்

டேட்டாபேஸ் டேபிள் வடிவமைப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பழக்கமான டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், அப்புறம் கொஞ்சம் மைஎஸ்க்யூஎல். ஆரக்கிள்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கே: அண்ணா, பஸ் டிக்கெட் ஆப் எழுதுகிறேன். ட்ரிப் டேபிளில் 'மீதி சீட்' என்று ஒரு ஃபீல்டு வைத்து, டிக்கெட் போகப் போகக் குறைக்கிறேன். நாங்கள் ஐந்து பேர் டெஸ்ட் செய்தபோது நன்றாகத்தான் ஓடியது. தீபாவளிக் கூட்டத்தைத் தாங்குமா?

ப: தாங்காது தம்பி. டேபிளின் ஒரு ரோவை (ஒரு வரியை) ஒருவர் அப்டேட் செய்தால், அவர் கமிட் செய்யும்வரை (மாற்றத்தை உறுதிசெய்து முடிக்கும்வரை) அதே ரோவை மாற்ற வருகிற எல்லோரும் பின்னால் நிற்க வேண்டியதுதான். நாற்பது பேர் நாற்பது வேறு வேறு சீட்டுக்கு வருகிறார்கள், ஒருவருக்கொருவர் மோதவே வேண்டாம், நீங்கள்தான் அவர்களை ஒரே ரோவின் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். பணம் கட்டி முடிக்கும்வரை, கமிட்டில் முடிய வேண்டிய டிரான்சாக்‌ஷனைத் திறந்தே வைத்திருந்தால் இன்னும் கேவலம்: ஒருவர் ஓடிபி வரவில்லையே என்று போனைத் தட்டிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் மற்றவர்களுக்குச் சக்கரம் சுற்றும்.

ஒரு சீட்டுக்கு ஒரு ரோ வையுங்கள். ட்ரிப் ஐடி, பயணத் தேதி, சீட் எண் மூன்றுக்கும் சேர்த்து ஒரு யூனிக் கட்டுப்பாடு, அதாவது அதே மூன்றும் இன்னொரு ரோவில் வரக்கூடாது. இருவர் ஒரே நொடியில் 12ஆம் சீட்டை அமுக்கினால் இரண்டாவது இன்சர்ட்டை (புது ரோ சேர்ப்பதை) டேட்டாபேஸே தள்ளிவிடும். 'காலியா' என்று முதலில் செலக்ட் போட்டுப் பார்த்து, பிறகு இன்சர்ட் செய்வது மட்டும் போதாது, அந்த இடைவெளியில் இன்னொருவர் புகுந்துவிடுவார். 'எதுவரை பிடித்திருக்கிறது' என்று ஒரு நேர ஃபீல்டு சேர்த்து, பத்து நிமிடம் என்று போட்டு உடனே கமிட் செய்துவிடுங்கள். நேரம் தாண்டியதை அடுத்த ஆள் 'இப்போதும் காலாவதியாகவே இருந்தால் மட்டும்' என்ற நிபந்தனையோடு அப்டேட் செய்து எடுத்துக்கொள்ளட்டும். மீதி எத்தனை என்பதா? நாற்பது ரோவை எண்ண எவ்வளவு நேரமாகிவிடப் போகிறது!

கே: பேசாமல் எல்லா ஃபீல்டுக்கும் இண்டெக்ஸ் போட்டுவிட்டால்?

ப: இண்டெக்ஸ் என்பது புத்தகத்தின் பின்னாலுள்ள சொல்லடைவு மாதிரி, தேடலை வேகமாக்கும். ஆனால் ஒவ்வொரு இன்சர்ட்டும் அத்தனை இண்டெக்ஸிலும் எழுத வேண்டும். போஸ்ட்கிரெஸில் அப்டேட் என்றாலே ரோவின் புதுப் பிரதி ஒன்று உருவாகிறது. மாறிய ஃபீல்டுகளில் எதற்கும் இண்டெக்ஸ் இல்லாமல், அதே 8 கேபி பக்கத்தில் (டிஸ்கில் ரோக்களை வைக்கும் துண்டில்) இடமும் இருந்தால்தான் இண்டெக்ஸைத் தொடாமல் தப்பிக்கும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் யூசர் டேபிளில் 'கடைசியாக வந்த நேரம்' என்று ஒன்று, அதற்கு ஒரு இண்டெக்ஸும். யூசர் ஒவ்வொரு கிளிக் செய்யும்போதும் முப்பது ஃபீல்டு கொண்ட அந்த ரோ முழுசாக மறுபடி எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒரு ஃபீல்டைத் தனிச் சின்ன டேபிளுக்கு மாற்றிய பிறகுதான் சர்வர் மூச்சுவிட்டது. அந்த இண்டெக்ஸைப் போட்ட புண்ணியவான் நான்தான்.

பல ஃபீல்டு சேர்ந்த இண்டெக்ஸில் வரிசை முக்கியம். வாக்காளர் பட்டியலில் பாக எண் தெரிந்தால் வரிசை எண்ணை உடனே பிடித்துவிடலாம். வரிசை எண் 412 மட்டும் தெரிந்தால் எல்லாப் பாகத்தையும் புரட்ட வேண்டும். யூசர் ஐடி, தேதி என்று போட்ட இண்டெக்ஸும் அப்படித்தான்.

கே: பிரைமரி கீக்கு எண்ணா, யூயூஐடியா?

ப: பிரைமரி கீ என்பது ஒவ்வொரு ரோவுக்கும் உரிய தனி அடையாளம். எண் என்றால் பிக்இன்ட் (பெரிய முழு எண் டைப்). சாதாரண இன்ட் 214,74,83,647இல் நின்றுவிடும், அது நிற்பது எப்போதும் ராத்திரி இரண்டு மணிக்குத்தான். யூயூஐடி (வேறெதனோடும் மோதாதபடி உருவாக்கும் நீண்ட அடையாளம்) என்றால் அதற்குரிய டைப்பிலேயே வையுங்கள், 16 பைட்தான். 36 எழுத்து டெக்ஸ்டாக வைப்பவர்களை என்ன சொல்ல. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியில் (தரவைச் சேமிக்கும் அதன் எஞ்சினில்) டேபிளே பிரைமரி கீ வரிசையில்தான் அடுக்கப்படுகிறது, மற்ற இண்டெக்ஸ்களும் அந்தக் கீயைச் சுமக்கின்றன. அங்கே யூயூஐடி பதிப்பு 4 போலக் கண்டபடி வரும் மதிப்பைப் போட்டால் ஒவ்வொரு இன்சர்ட்டும் ஒவ்வொரு மூலைக்கு ஓடும். நேர வரிசையில் வரும் பதிப்பு 7, 2024இல் தரமாக வந்துவிட்டது, போஸ்ட்கிரெஸ் 18இல் அதற்கு உள்ளேயே ஃபங்ஷன் இருக்கிறது.

கே: ஃபாரின் கீ இருந்தால் ஸ்லோ ஆகும், எடுத்துவிடு என்கிறார் டீம் லீடர்.

ப: எடுக்காதீர்கள். ஆர்டரில் இருக்கும் கஸ்டமர் ஐடி, கஸ்டமர் டேபிளில் நிஜமாகவே இருக்கிறதா என்று காப்பது அதுதான். கஸ்டமர் ஒருவரை டெலீட் செய்ய நிமிடக்கணக்கில் ஆகிறதா? அவருக்கு ஆர்டர் இருக்கிறதா என்று டேட்டாபேஸ் தேடுகிறது. ஆர்டர் டேபிளில் கஸ்டமர் ஐடிக்கு இண்டெக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னோடிபி அதைத் தானே உருவாக்கிக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் செய்யாது. ஓடுகிற போஸ்ட்கிரெஸ் சர்வரில் அந்த இண்டெக்ஸைப் போடும்போது கட்டளையில் கன்கரண்ட்லி (எழுதுவதைத் தடுக்காமல் உருவாக்கு) என்பதைச் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் முடியும்வரை ஆர்டர் எதுவும் உள்ளே வராது.

கே: ஆர்டர் லிஸ்டில் முதல் பக்கம் பறக்கிறது, 500ஆவது பக்கம் நகர மாட்டேன் என்கிறது.

ப: காரணம் ஆஃப்செட். பத்தாயிரம் ரோவைத் தாண்டு என்றால், அத்தனையையும் படித்துவிட்டுத்தான் தூக்கிப் போடும். கடைசியாகக் காட்டிய ரோவின் தேதியும் ஐடியும் கையில் வைத்துக்கொண்டு, 'அதற்கு அடுத்த இருபது' என்று கேளுங்கள்.

கே: சார், கூட்டம் வந்தால் கனெக்‌ஷன் தீர்ந்துவிடுகிறது. மேக்ஸ் கனெக்‌ஷன்ஸை 2000 ஆக்கட்டுமா?

ப: வேண்டாம். போஸ்ட்கிரெஸில் அது 100 என்று இருப்பதற்குக் காரணம் உண்டு: ஒவ்வொரு கனெக்‌ஷனும் ஒரு தனி பிராசஸ். முன்னால் பிஜிபவுன்சரை (கொஞ்சம் கனெக்‌ஷனைப் பலருக்குப் பகிர்ந்து தரும் மென்பொருளை) வையுங்கள். அதற்கும் முன்னால், அந்தக் கனெக்‌ஷன்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று போஸ்ட்கிரெஸே காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி பட்டியலில் பாருங்கள். பாதிக்கு மேல், திறந்து வைத்துவிட்டுச் சும்மா நிற்பதைக் குறிக்கும் 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' என்று இருந்தால், மேலே பஸ் டிக்கெட் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.