பூட்டுப் போட்ட ஸ்கிராப்

அன்புள்ள சார்,

ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். படித்தது பி.காம்., மெஷின் விஷயம் அவ்வளவாகத் தெரியாது. போன மாதம் ரிஜிஸ்டரில் 'இரும்பு வேஸ்ட்' என்று எழுதியிருந்தேன். முதலாளி அதை அடித்துவிட்டு 'ஸ்கிராப்' என்று எழுதச் சொன்னார். அகராதியில் பார்த்தால் 'கழிவு உலோகம்' என்று இருக்கிறது. கழிவு என்றால் வேஸ்ட்தானே? ஆனால் எங்கள் பட்டறையில் அந்த ஷெட்டுக்குத்தான் பெரிய பூட்டு. போதாததற்கு ரிஜெக்ட், டர்னிங், போரிங் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். கொஞ்சம் விளக்குங்கள். ரிஜிஸ்டரில் இனி எப்படி எழுதட்டும்?

ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

பூட்டைக் கவனித்தவருக்கு நான் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. எடுத்துப் போக நாம் காசு கொடுத்தால் வேஸ்ட், எடுத்துப் போகிறவர் நமக்குக் காசு கொடுத்தால் ஸ்கிராப். பட்டறைகளில் இப்படித்தான் புழங்குகிறது. லேத்துக்கு அடியில் இருக்கும் ஒரே டிரேயில் இரண்டும் கிடக்கும். சுருள் சுருளாக விழுந்த இரும்பு ஸ்கிராப். அதிலிருந்து வடியும் பழைய கூலண்ட் (கடையும்போது சூடு தணிக்க ஊற்றுவது), மெஷினைத் துடைத்துப் போட்ட எண்ணெய்ப் பஞ்சு எல்லாம் வேஸ்ட்.

உங்கள் குழப்பத்துக்கு அரசாங்கமும் ஒரு காரணம். பில்லில் போடும் எச்.எஸ்.என். எண் (சரக்கின் வகையைக் குறிக்கும் எண்) 7204-ஐ எடுத்துப் பாருங்கள். இரும்பு வேஸ்ட், ஸ்கிராப் இரண்டையும் ஒரே தலைப்பில்தான் வைத்திருக்கிறார்கள். 1961-ம் வருடத்து வருமான வரிச் சட்டம் கொஞ்சம் மெனக்கெட்டது. பொருள் தயாரிக்கும்போதோ மெஷின் வேலையிலோ மிஞ்சி, உடைந்தோ வெட்டுப்பட்டோ தேய்ந்தோ, அப்படியே பயன்படுத்த முடியாமல் போனதுதான் ஸ்கிராப் என்றது. 'அப்படியே' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். உருக்கினால் பயன்படும் என்பது அதற்குள் இருக்கிறது.

அடுத்தது ரிஜெக்ட், அதாவது அளவு சரியில்லை என்று ஒதுக்கியது. ரிஜெக்ட் ஆனதெல்லாம் ஸ்கிராப் ஆகாது. 25 மில்லிமீட்டர் விட்டத்தில் ஷாஃப்ட் (உருளைத் தண்டு) கேட்டிருக்கிறார்கள், உங்கள் ஆள் 25.2-ல் நிறுத்திவிட்டார் என்றால் திரும்ப மெஷினில் மாட்டிக் கொஞ்சம் சீவினால் சரியாகிவிடும். அது ரீவொர்க். 24.8-க்கு இறங்கிவிட்டால் போச்சு. எச்சாக இருந்தால் சீவலாம், கம்மியானதை எங்கே போய் ஒட்டுவது? துளை போடும் வேலையில் இதுவே தலைகீழ்: சின்னத் துளையைப் பெரிதாக்கலாம், பெரிதானதைச் சின்னதாக்க முடியாது. இதை இன்ஸ்பெக்‌ஷன் ஆள் பார்த்து முடிவு செய்கிற வரைக்கும் நீங்கள் ரிஜிஸ்டரில் ஸ்கிராப் என்று எழுத வேண்டாம்.

டர்னிங், போரிங் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். (கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிளேடு மாதிரி கிழிக்கும்.) எஃகைக் கடையும்போது நீளமாக, நீலம் பாரித்த சுருளாக வருவது டர்னிங். வார்ப்பிரும்பு அப்படி வராது. கரி அதிகம் உள்ள இரும்பு என்பதால் பொடிப்பொடியாக உதிரும், கை கறுத்துவிடும். அதைத்தான் போரிங் என்கிறார்கள். இரண்டுக்கும் விலை வேறு, வாங்குகிற ஃபவுண்டரி (வார்ப்பாலை) வேறு.

என்னைக் கேட்டால், இந்தத் தொழிலில் காசு வருவதும் போவதும் பிரித்து வைப்பதில்தான் இருக்கிறது. உருவம் போனாலும் இரும்பு இரும்புதான், கலந்துவிட்டால்தான் கஷ்டம். எரிந்துபோன மோட்டார் ஒன்றை உள்ளே சுற்றிய தாமிரக் கம்பியோடு அப்படியே பழைய இரும்பில் தூக்கிப் போடுகிறார்கள் என்று வையுங்கள். உலையில் அலுமினியம், சிலிக்கான் எல்லாம் கசடோடு போய்விடும். தாமிரம் போகாது, எஃகிலேயே கரைந்து தங்கிவிடும். அளவு கூடினால் பழுக்கக் காய்ச்சி உருட்டும்போது எஃகின் மேல்பரப்பு வெடிக்கும். தாமிர விலைக்குப் போகவேண்டியதை இரும்பு விலைக்குக் கொடுத்து, அந்த இரும்பையும் கெடுத்த கதை. அலுமினியத்தை இரும்போடு போட்டாலும் நஷ்டம்தான். பழையதை உருக்கி எடுக்க, தாதுவிலிருந்து எடுக்க ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் போதும். அதனால்தான் அதற்கு அவ்வளவு கிராக்கி.

காந்தத்தை வைத்துப் பார்த்தால் போதும் என்று உங்கள் பட்டறையில் யாராவது சொல்வார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்ற ரகமும் ஒட்டாது, விலை குறைந்த 202 என்ற ரகமும் ஒட்டாது. காந்தத்தை மட்டும் நம்பினால் இரண்டும் ஒரே மூட்டையில் போகும்.

வெளிநாட்டு வியாபாரத்தில் இந்தத் தரம் பிரிப்பதற்கென்றே ரகசியப் பாஷை மாதிரி ஒன்று உண்டு. 'பார்லி' என்றால் பளபளவென்ற முதல் தர தாமிரக் கம்பி, 'பெர்ரி' என்றால் அதற்கு அடுத்தது, 'ஹனி' என்றால் மஞ்சள் பித்தளை. தந்தி காலத்தில் வார்த்தைக்குக் காசு என்பதால் சுருக்கிய பெயர்கள். பழைய இரும்பு, பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று நம் தெருவில் கூவிப் போனவரும் பித்தளையைத் தனியாகத்தான் கட்டி வைத்திருப்பார்.

ஒருவருக்கு ஸ்கிராப் இன்னொருவருக்குச் சரக்கு என்பதற்கு நம் கொல்லுப் பட்டறைகளைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் முறிந்த லாரிப் பட்டை (அடியில் இருக்கும் ஸ்பிரிங் தகடு) ஓனருக்கு ஸ்கிராப். கொல்லருக்கோ அது அரிவாளுக்கு என்றே அடித்துக் கொடுத்த மாதிரியான எஃகு. காய்ச்சி நனைத்தால் கூர் நிற்கும். அவர் அதை உலையில் உருக்குவதில்லை, தட்டி உருவத்தை மாற்றுகிறார், அவ்வளவுதான். நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். கரியைக் கொட்டித் தாதுவை உருக்கியவன் ஒரு துண்டையும் லேசில் வீசியிருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன்.

சரி, ரிஜிஸ்டருக்கு வருவோம். 'ஸ்கிராப்' என்று மொத்தமாக ஒரு வரி எழுதாதீர்கள். எம்.எஸ். (சாதாரண எஃகு) டர்னிங், சி.ஐ. (வார்ப்பிரும்பு) போரிங், பித்தளை, அலுமினியம் என்று தனித்தனியாக எடை போட்டு எழுதுங்கள். தாமிரம், பித்தளைக்கு 7404, அலுமினியத்துக்கு 7602 என்று எண்ணும் மாறும். 2024 அக்டோபர் 10 முதல் உலோக ஸ்கிராப் விற்பனையில் ஜி.எஸ்.டி. விதி மாறியிருக்கிறது. வாங்குகிறவரும் பதிவு பெற்றவர், ஒப்பந்த மதிப்பும் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல் என்றால் அவர் பணம் தரும்போதே 2 சதவீதம் டி.டி.எஸ். (வரி) பிடிப்பார், அதைக் கணக்கில் சேர்க்க ஆடிட்டரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். அப்புறம், எண்ணெய்ப் பஞ்சை அந்த ஷெட்டுக்குள் போட விடாதீர்கள். டர்னிங்கில் ஏற்கெனவே எண்ணெய் இருக்கிறது, ஒரு வெல்டிங் பொறி போதும். பஞ்சுக்குத் தனி டிரம், தனி ரிஜிஸ்டர். அதில் தாராளமாக வேஸ்ட் என்று எழுதலாம்.