பிஎஸ்4 வீட்டில் இருக்கும்போது பிஎஸ்5 வாங்கத்தான் வேண்டுமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி. வீட்டில் 2018இல் வாங்கிய பிஎஸ்4 ஸ்லிம் (சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் கன்சோல்), 500 ஜிபி. டிவி 32 அங்குலம், எச்டி ரெடி. கையில் ஒன்பது டிஸ்க். 16 வயதிலும் 12 வயதிலும் இரண்டு மகன்கள். எஃப்சி கால்பந்து கேமும் ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) 5உம்தான் அதிகம் ஓடுகின்றன. கொஞ்ச நாளாக ஃபேன் மாவு மில் போல இரைகிறது, ஆடிக்கொண்டிருக்கும்போதே அணைந்தும் விடுகிறது. குறுவை அறுத்த பணம் இருக்கிறது, துபாயில் உள்ள மைத்துனர் பொங்கலுக்கு வருகிறார். அவரிடம் சொல்லி பிஎஸ்5 எடுத்துவரச் சொல்லலாமா, பழசையே சரிபார்த்தால் போதுமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் இரைச்சலும் அணைதலும் மெஷின் பழசானதால் வந்தவை என்று தோன்றவில்லை. உள்ளே தூசி அடைத்ததால் வருபவை. அதைச் சரிசெய்ய ஒரு மதியப் பொழுது போதும். அதன் பிறகும் பிள்ளைகள் கேட்கிற கேம் பிஎஸ்4இல் வரவே வராது என்றால் அப்போது பிஎஸ்5 பற்றிப் பேசலாம்.

முதலில் அந்தக் கேம் கேள்வியைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பிஎஸ்4 வெளிவந்தது 2013இல், பிஎஸ்5 வெளிவந்தது 2020 நவம்பரில். இத்தனை ஆண்டு கழித்தும் எஃப்சி 26 பிஎஸ்4இல் வந்திருக்கிறது. அதே சமயம் ஸ்பைடர்மேன் 2 போன்றவை 2023இலேயே பிஎஸ்5இல் மட்டும்தான் வந்தன. ஜிடிஏ 6உம் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் ஆகிய இரண்டுக்கு மட்டும்தான் அறிவிக்கப்பட்டிருக்கிறது. பெரியவன் மனதில் இருப்பது அதுதான் என்றால் பிஎஸ்4ஐ எவ்வளவு துடைத்தாலும் அது ஓடாது. ஜிடிஏ வரிசை 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது என்பதையும் மறக்க வேண்டாம். பெரியவனுக்கே 16தான், வீட்டில் 12 வயதுப் பையனும் இருக்கிறான்.

இன்னொன்று பலருக்கும் வாங்கிய பிறகுதான் தெரிகிறது. எஃப்சியில் பிஎஸ்4 பதிப்பும் பிஎஸ்5 பதிப்பும் ஆன்லைனில் தனித்தனி. பள்ளிக்கூட நண்பர்கள் பிஎஸ்5க்குப் போய்விட்டார்கள் என்றால், உங்கள் மகனால் பிஎஸ்4இலிருந்து அவர்களோடு சேர முடியாது. ஜிடிஏ ஆன்லைனும் அப்படித்தான். பிள்ளைகள் அடம்பிடிப்பதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம், படம் பளிச்சென்று தெரிவது இல்லை. கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது டிவி. எச்டி ரெடி என்றால் திரையில் இருப்பது 1366 x 768 புள்ளிகள். பிஎஸ்5 தரக்கூடிய 4கே (3840 x 2160 புள்ளிகள்) படத்தின் நுணுக்கத்தில் பெரும்பகுதி அந்த டிவியில் தெரியவே தெரியாது. ஆனால் இரண்டு வித்தியாசம் 32 அங்குலத்திலும் தெரியும். ஒன்று, காத்திருக்கும் நேரம். பிஎஸ்4இல் சுழலும் ஹார்டு டிஸ்க். பிஎஸ்5இல் நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும், சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி. ஜிடிஏ 5 திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அது பெரிய மாற்றம். இரண்டு, பிஎஸ்4இல் நொடிக்கு 30 படமாக ஓடும் பல கேம்கள் பிஎஸ்5இல் 60 ஆக ஓடும். அசைவு வழுக்கிக்கொண்டு போவதைப் பார்க்க பெரிய டிவி வேண்டியதில்லை. இதற்குமேல் சொல்லப்படுகிற 4கே, 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 படம்) எல்லாம் டிவியையும் சேர்த்து மாற்றுபவர்களுக்கு. இப்போதே செலவில்லாமல் ஒன்று செய்யலாம்: டிவி செட்டிங்ஸில் கேம் மோடு இருந்தால் அதைப் போடுங்கள். பட்டனை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையிலான தாமதம் குறையும்.

இனி அந்த பிஎஸ்4. நம் பக்கத்தில் கன்சோல் கெடும் விதமே தனி. சம்பா அறுவடைக் காலத்தில் களத்திலிருந்து வரும் பதரும் வைக்கோல் தூசியும் ஃபேன் வழியாக உள்ளே போய், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவில் கம்பளம் மாதிரி படிந்துவிடும். ஐப்பசி கார்த்திகை ஈரம் அதன்மேல் இறங்கினால் அது ஊதினாலும் போகாத பிசினாகிவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் உப்புக் காற்றில் எச்டிஎம்ஐ துளையின் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். எல்லாவற்றையும்விட மோசம் கரப்பான். பவர் சப்ளை இளஞ்சூடாக இருக்கும், இருட்டாகவும் இருக்கும். டிவி ஸ்டாண்டுக்குள் வைத்த பிஎஸ்4ஐக் கரப்பான் வீடாகவே ஆக்கிக்கொள்ளும். திறந்தால் பழுப்பு நிற முட்டைக் கூடுகள் போர்டின் ஓரத்தில் ஒட்டிக் கிடக்கும். கரப்பானின் எச்சம் ஈரத்தில் மின்சாரம் கடத்தும். ஷார்ட் ஆக அது போதும்.

திறப்பதற்கு முன் ஒரு சோதனை. அணைவதற்குமுன் பிஎஸ்4 அதிகச் சூடாகிவிட்டது என்று திரையில் எச்சரிக்கை வருகிறதா? வந்தால் சூடுதான் காரணம், சுத்தம் செய்தால் தீரும். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் டக்கென்று போனால் பவர் கேபிள் தளர்வு, பவர் சப்ளை, இல்லையென்றால் வீட்டுக் கரண்ட். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். எட்டு வடிவ முனை கொண்ட அந்த இரட்டைத் துளைக் கேபிள் எந்த எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும்.

சூடுதான் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். நடுவில் குழியுள்ள நட்சத்திர ஸ்க்ரூவுக்கு டி8 செக்யூரிட்டி பிட் வேண்டும். ஸ்லிம் மாடலில் பின்பக்க ஸ்டிக்கருக்கு அடியில் ஸ்க்ரூ இருக்கும். பவர் சப்ளையை எடுக்கும்போது போர்டுக்குப் போகும் பிளக்கை, ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக்கைப் பிடித்து மெதுவாக ஆட்டி எடுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் அதன் கெப்பாசிட்டரில் பிளக் எடுத்த பிறகும் மின்சாரம் நிற்கும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷாலும் புளோயராலும் ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் வேகமாகச் சுற்றி, அதுவே சின்ன ஜெனரேட்டராகி போர்டைக் கெடுக்கலாம். சிப்பிலிருந்து ஹீட் சிங்குக்குச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், ஏழெட்டு வருடமானால் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிரும். அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் வழித்துவிட்டு, சிப்பின் நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தால் போதும். அதிகம் வைத்தால் குளிர்ச்சி கூடாது, வழியத்தான் செய்யும். கை நடுங்கினால் லேப்டாப் சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள். அவருக்கு இது பழகிய வேலை. மூடிய பிறகு ஜிடிஏ 5ஐ ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். இரைச்சலும் இல்லை, அணையவும் இல்லை என்றால் மெஷின் நலம்.

அப்படி நலம் என்றால் ஹார்டு டிஸ்கையும் மாற்றிவிடுவது நல்லது. இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 9.5 மில்லிமீட்டர் கனத்துக்குள் இருக்க வேண்டும். ஸ்லிம்மில் பின்பக்க மூலையில் ஒரு சிறு மூடி. அதை நகர்த்தினால் வட்டம், சதுரம், முக்கோணம் பொறித்த ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றினால் டிரே வெளியே வரும். மாற்றும் முன் சேவ் டேட்டாவை (கேமில் எதுவரை ஆடியிருக்கிறார்கள் என்ற பதிவை) பென்டிரைவில் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் புது டிஸ்க் காலியாகத்தான் இருக்கும். சிஸ்டம் சாஃப்ட்வேரை பிளேஸ்டேஷன் தளத்திலிருந்து இறக்கும்போது கவனம்: சாதாரண அப்டேட் ஃபைல் வேலைக்கு ஆகாது, முழுவதும் மறுபடி நிறுவுவதற்கான ஒரு ஜிபி அளவுள்ள ஃபைல் வேண்டும். பென்டிரைவ் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் ஆக இருக்கட்டும். அதில் பிஎஸ்4 என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் அப்டேட் என்று ஒரு ஃபோல்டர், இரண்டின் பெயரும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். பவர் பட்டனை இரண்டாவது பீப் வரும்வரை, அதாவது ஏழு நொடி, அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடு என்ற பழுதுபார்க்கும் மெனு வரும். கன்ட்ரோலரை கேபிளில் செருகி, சாஃப்ட்வேரை மறுபடி நிறுவும் ஏழாவது தேர்வை எடுங்கள். பலர் இங்கே தோற்பதற்குக் காரணம் இரண்டுதான்: தப்பான ஃபைல், அல்லது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்.

எஸ்எஸ்டி போட்டால் பிஎஸ்4 பிஎஸ்5 ஆகிவிடாது. காத்திருக்கும் நேரம் கணிசமாகக் குறையும், 30 படம் 30ஆகவே இருக்கும். ஆனாலும் இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவதற்கு இதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி இல்லை.

கரண்ட் விஷயம் பழசுக்கும் புதுசுக்கும் பொது. சாயங்காலம் மோட்டார்கள் ஓடும்போது வோல்டேஜ் இறங்குகிறது என்று ஸ்டெபிலைசர் தேடுபவர்கள் உண்டு. பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டின் பவர் சப்ளையும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்; இறங்கிய வோல்டேஜ் அவற்றைக் கொல்லாது. கொல்வது, போன கரண்ட் திரும்பும் நொடியில் வரும் அடியும், காற்றில் நியூட்ரல் அறுந்து 400 வோல்ட்டை நெருங்குவதும்தான். கரண்ட் போனால் பிளக்கை எடுத்துவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். இடி இடித்தால் எச்டிஎம்ஐ, லேன் கேபிள்களையும் எடுக்க வேண்டும். கேபிள் டிவி ஒயரில் இறங்கும் மின்னல் செட்டாப் பாக்ஸ், டிவி, எச்டிஎம்ஐ என்று வந்து கன்சோலில் படத்தை டிவிக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ ஐசியைச் சுட்டுவிடும். வெள்ளை விளக்கு எரிகிறது, படம் மட்டும் வரவில்லை என்று மழைக்காலத்தில் சர்வீஸுக்கு வருபவற்றில் பல இந்த வகை.

வீட்டு இன்வெர்ட்டரின் பின்புறம் யூபிஎஸ் மோடு என்றொரு சுவிட்ச் இருக்கும். அதில் வைத்தால் கரண்ட் போகும்போது கன்சோல் அணையாது. ஆனால் அந்த மோடில் வோல்டேஜ் 180க்குக் கீழே போனாலே பேட்டரிக்கு மாறிவிடும். கிராமத்து லைனில் சாயங்காலம் முழுக்க பேட்டரி கரையும். அதற்குத் தனி யூபிஎஸ் நல்லது. பிஎஸ்4 ஸ்லிம்முக்கும் 32 அங்குல டிவிக்கும் 600 விஏ போதும். பிஎஸ்5 ஆடும்போது 200 வாட் அளவு இழுக்கும், அதற்கு 1000 விஏ பாருங்கள். பில்லிலும் இது தெரியும்: தினம் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் பிஎஸ்5க்கு 24 யூனிட், பிஎஸ்4 ஸ்லிம்முக்குப் பத்து யூனிட் அளவு. 500 யூனிட் எல்லையில் நிற்கும் வீடு என்றால் அந்தப் பதினான்கும் கணக்கில் வரும்.

இத்தனைக்கும் பிறகு வாங்குவது என்று முடிவானால், டிஸ்க் டிரைவ் உள்ள மாடலைத்தான் வாங்குங்கள். பிஎஸ்5 ஸ்லிம் 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் மாடல் 54,990 ரூபாய், டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் மாடல் 44,990. அந்தப் பத்தாயிரத்தை மிச்சம் பிடித்தால் உங்கள் ஒன்பது டிஸ்கும் அலமாரியில் தூங்கும். டிஸ்க் மாடலில் பிஎஸ்4 டிஸ்க் அநேகமாக எல்லாமே ஓடும். கேம்கள் டிஜிட்டலில் 100 ஜிபியைத் தொடுவது சாதாரணம். 50 எம்பிபிஎஸ் ஃபைபரில் அதை இறக்க நாலரை மணி நேரம். நாளுக்கு 2 ஜிபி மொபைல் டேட்டாவில் ஐம்பது நாள். பழைய கன்ட்ரோலர் பிஎஸ்4 கேம்களுக்கு மட்டும் உதவும், பிஎஸ்5 கேமுக்கு ஏற்காது.

மைத்துனர் கொண்டுவருவது பற்றி: மெஷின் இங்கே ஓடும், கேம் டிஸ்குகளுக்கும் நாட்டுக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் வாரண்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும், விமான நிலையத்தில் சுங்கத்தையும் பார்க்க வேண்டும். துபாய் டிஸ்குக்கு இந்தியக் கணக்கில் கூடுதல் உள்ளடக்கம் வாங்கினால் பெரும்பாலும் பொருந்தாது. பிஎஸ்5இன் சிப்பில் தெர்மல் பேஸ்டுக்குப் பதில் திரவ உலோகம் இருக்கிறது. அது மின்சாரம் கடத்தும். பிஎஸ்4 போல நினைத்துத் திறந்து ஒரு துளி சிந்தினால் போர்டே போகும். வாரண்டி இல்லாமல் அப்படியொரு மெஷினை இங்கே வைத்திருப்பதைவிட, விலை வித்தியாசம் சில ஆயிரம்தான் என்றால் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ பில்லோடு வாங்குவது மேல்.

வைக்கும்போது சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி, கண்ணாடிக் கதவு இல்லாத இடத்தில். பழைய பிஎஸ்4ஐ யாருக்காவது கொடுப்பதென்றால், சேவ் டேட்டாவை மாற்றி, புதியதில் ஒரு கேமைத் திறந்து விட்ட இடத்திலிருந்து ஓடுகிறதா என்று பார்த்த பிறகே பழையதை இனிஷியலைஸ் செய்யுங்கள், அதாவது உள்ளே இருப்பதை முழுவதும் அழியுங்கள்.